செவலைக்கு ஒரு சருகுப் பெட்டி

ஸ்வீடனில் குளிர்காலத்தில் மதியம் சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் இருட்டிவிடுகிறது. எனக்குப் பழகிவிட்டது, செவலைக்குப் பழகவில்லை. வேலை முடிந்து வந்து கழுத்துப்பட்டியை எடுத்தால் கதவுவரை வருவாள். வெளியே இருட்டைக் கண்டதும் நான்கு கால்களையும் ஊன்றிக்கொள்வாள். தூக்கிக்கொண்டு கீழே போனாலும் நடுங்குவாளே தவிர, சிறுநீர் கழிக்க மாட்டாள். விடியும்வரை அடக்கிக்கொண்டே கிடப்பாள். ஒருநாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது.

செவலை, மலையில் காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கொட்டச்சேட்டு வீட்டு நாய். கூடவே கருப்பன் என்று இன்னொரு நாயும் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு சாயங்காலம், காப்பி உலர்த்தும் களத்திலிருந்து கருப்பனைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவள் செவலை. ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அம்மா சொன்னார். பிறகு அம்மா சேலத்தில் தம்பியின் வாடகை வீட்டுக்குப் போனார். அங்கே நாய் கூடாது என்றார்கள். மாதக்கணக்கில் ஊசிக்கும் காகிதங்களுக்கும் அலைந்து, நான் இங்கே கொண்டுவந்தேன்.

“எதைக் கண்டு பயப்படுகிறது?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

“சிறுத்தையை.”

“மிருகக்காட்சிசாலைக்கா அழைத்துப் போனீர்கள்?”

கண்ணாடி அடைத்த பால்கனியில் பிளாஸ்டிக் தட்டு வைத்து, செய்தித்தாள் பரப்பி, மேலே கடையில் வாங்கிய செயற்கைப் புல்லை விரித்தேன். செவலை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அம்மாவுக்கு போன் செய்தேன்.

“புல்லுல எங்க கண்ணு போகும்? ஊட்டுக்குப் பொறத்தால சில்வர் ஓக் சருகு கெடக்குமல்ல, அது மேலதான் போகும். கருப்பனும் அங்கதான்.”

மறுநாள் பூங்காவில் பிர்ச் மரத்தடிச் சருகுகளைப் பையில் அள்ளினேன். பக்கத்து வீட்டு அம்மாள் நின்று, “இடத்தைச் சுத்தம் செய்கிறீர்களே, மிக்க நன்றி” என்றார். விளக்கும் அளவுக்கு எனக்கு ஸ்வீடிஷ் வராது, தலையாட்டினேன். ஈரச் சருகுகளை ஹீட்டர் மேல் காயவைத்துத் தட்டில் நிரப்பினேன். வீடெங்கும் மழை நின்ற எஸ்டேட்டின் வாசனை.

அன்று சாயங்காலம் செவலை தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின் ஏறி, வெகுநேரம் சிறுநீர் கழித்தாள். அவள் காலடியில் சருகு நொறுங்கியபோது சமையலறையில் நின்ற நான் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினேன். ஊரில் பொழுது சாய்ந்தபின் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் வாசலில் நிற்க மாட்டோம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அங்கெல்லாம் சிறுத்தை கிறுத்தை வராதல்ல கண்ணு?”

“வராதுங்மா” என்றேன். ஐந்தாவது மாடியில், பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தபடி.