திரும்பி வர நேரமாகும் இடங்கள்

அந்தக் கடற்கரையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" கேட்கத்தான் தோன்றும். எதிரே பூட்டிக் கிடக்கும் ஐஸ் ஃபாக்டரி, காயப்போட்ட வலை, எழுந்து குரைக்கக்கூட மனமில்லாத நாய்கள். பெட்டிக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே ஒரு வீட்டைக் கைகாட்டுவார். "ரூம் அக்காவக் கேளுங்க. ஒரு நிமிஷம் உங்கள உட்கார விடாது அது."

சீசன் வந்தால் அந்தத் தெருவில் பாதி வீடுகளின் முன்னறை வாடகைக்குப் போய்விடும். வீட்டுக்காரர்கள் சுவரில் இருக்கும் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு, பாய் தலையணையோடு பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். சொந்த வீட்டிலேயே பூனை மாதிரி நடப்பார்கள். ரூம் அக்காவும் அப்படித்தான். ஆனால் மற்ற வீடுகளில் விருந்தாளி வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், ஊர் சுற்றப் போனாலும் ஒன்றுதான். இவளுக்கு அவர்கள் போயே ஆகவேண்டும்.

காலையில் முட்டையும் ரொட்டியும் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னிக்கு மணல் திட்டுக்குப் போயிடுங்க. தண்ணி வத்தற நேரம் நடந்தே போயிடலாம். மறுபடி வத்தற வரைக்கும் திரும்ப முடியாது. ஆனா பயப்படாதீங்க, சாப்பாடு கட்டி வச்சுட்டேன்."

மணல் திட்டுதான் அவளுக்குப் பிடித்த இடம். போனவர்களைப் பொழுது சாயும்வரை கடலே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது கலங்கரை விளக்கம். படி ஏறினவர்கள் முழங்கால் வலியில் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தை உள்ளவர்களுக்குக் கிளிஞ்சல் மேடு. மழை வந்தால் படகு கட்டும் கொட்டகை, அங்கே ஒரு வாயாடித் தச்சர் இருக்கிறார், பேச ஆரம்பித்தால் விடமாட்டார். நல்ல இடமா என்பதற்கு அவளிடம் இருந்தது ஒரே அளவுகோல்: போனவர் எவ்வளவு தாமதமாகத் திரும்புவார்?

விருந்தாளிகள் தெருமுனை திரும்பியதும் அவள் பின்னறைக் கதவைத் திறப்பாள். தண்ணீர் மோட்டார், காலி டப்பா, பழைய சைக்கிள், இவற்றுக்கு நடுவில் ஒரு கட்டில். அதில் அவள் புருஷன். ஐஸ் ஃபாக்டரியில் மெஷின் பார்த்தவர். ஊருக்கு அவர் ஐஸ்காரர். ஒருநாள் குழாய் வெடித்து வாயு நெஞ்சுக்குள் போனது. அன்றிலிருந்து மூச்சு அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அவரைத் தாங்கிப் பிடித்து முன்னறைக்குக் கூட்டி வருவாள். விருந்தாளிகளின் விரிப்பு மேல் தங்கள் போர்வையைப் போட்டு, ஜன்னல் பக்கம் சாய்த்து உட்காரவைப்பாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு ரேடியோக்காரன் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். "பச்சைப் படகுக்காரன் இன்னிக்கும் வெறுங்கையோட வர்றான் பாரு. மூஞ்சியிலயே தெரியுது." விருந்தாளிகள் வரும் நேரத்துக்கு முன்னால் அவர் மறுபடி பின்னறையில் இருப்பார். ஜன்னலைத் திறந்து தைல வாசனையை விரட்டிவிடுவாள்.

இதெல்லாம் எதற்கு? ஒரு சீசனில் அவர் இருமலைக் கேட்ட குடும்பம் ஒன்று பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கிளம்பினால்கூடப் பரவாயில்லை, பஸ்ஸுக்கு நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனது. அந்த வருஷம் அறை காற்று வாங்கியது. அதற்கப்புறம் யார் கேட்டாலும், "வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார்" என்பாள். பின்னறையில் இருமல் ஆரம்பித்தால் மோட்டாரைப் போட்டுவிடுவாள். அந்த மோட்டார் போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

பக்கத்து வீட்டு நாத்தனாருக்கு இது ஆறாத எரிச்சல். "எங்கண்ணன் எந்தக் கப்பல்ல அண்ணி இருக்கான்? எந்தத் துறைமுகம்னு சொன்னா நானும் போய்ப் பாத்துட்டு வருவேன்ல?"

"வாய மூடு. சோறு அந்தக் கப்பல்லதான் வருது."

இந்த வருஷம் டாக்டர் இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தமென்று இருவருக்கும் தெரியும். ஐஸ்காரர் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசியில என்னைய அந்த ஜன்னல்கிட்ட போட்டுடு. இந்த சைக்கிளப் பாத்துக்கிட்டே போக முடியாது."

"சும்மா இருங்க," என்றாள். அறை சீசன் முழுக்கப் பேசி முடித்தாயிற்று. இந்த ஜோடி கிளம்பட்டும், நடுவில் ஒரு நாள் கிடைக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் தள்ளிப்போட்டாள்.

இந்த ஜோடி என்பது டீச்சரும் அவள் கணவர் ஆடிட்டரும். வருஷா வருஷம் வருகிறவர்கள். அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் போய், வெயிலில் கறுத்து, வாயெல்லாம் பல்லாகத் திரும்புவார்கள். அவர்கள் சொல்லித்தான் பாதிப்பேர் இங்கே வருவதே.

அவர்கள் தங்கும் கடைசி நாள் காலை. ஐஸ்காரருக்கு ராத்திரியிலிருந்தே முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. "இன்னிக்கு... ஜன்னல்," என்று மட்டும் சொன்னார். அவள் ஓடிப்போய்ச் சாப்பாட்டைக் கட்டி மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர், மணல் திட்டு இன்னிக்கு அருமையா இருக்கும். உடனே கிளம்பினாத்தான்..."

"நாங்க எங்கயும் போகலக்கா." டீச்சர் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "எல்லாம் பாத்தாச்சு. உங்களத்தான் இன்னும் சரியாப் பாக்கல. இன்னிக்கு நான் சமைக்கறேன், நீங்க காலை நீட்டி உட்காருங்க."

"ஐயோ, வேண்டாம் டீச்சர். கலங்கரை விளக்கம்? புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க."

"எங்கள விரட்டறதுலயே இருக்கீங்களே!" ஆடிட்டர் சிரித்தார். "உங்களுக்கு வேற யாராவது வர்றாங்களா?"

அவளும் சிரித்துவைத்தாள். டீச்சர் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தபோது பின்னால் இருமல் கிளம்பியது. எழுந்துபோய் மோட்டாரைப் போட்டாள். ஐஸ்காரர் கண்ணால் கேட்டார். கையை அசைத்து, கொஞ்சம் பொறுங்கள் என்றாள். திரும்பி வந்தாள். டீச்சர் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடியது. இருமல் நிற்கவில்லை, அதனால் மோட்டாரும் நிற்கவில்லை. மேலே தொட்டி நிறைந்து ஓட்டில் வழிந்து, ஜன்னலுக்கு வெளியே மழை மாதிரி கொட்டியது.

"அக்கா வீட்டு டேங்க் மட்டும் எப்பவும் வழியுது," என்று ஆடிட்டர் எழுந்தார். "நீங்க உட்காருங்க, நான் அணைச்சுட்டு வர்றேன்."

"சார், வேண்டாம், சார்!"

நல்ல மனுஷர், உதவி செய்கிற வேகத்தில் காது கேட்கவில்லை. கதவைத் தள்ளினார். மோட்டாரை அணைத்தார். வீடே அமைதியானது.

கட்டிலில் கிடந்தவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்காரராகப் பேசினார். "வாங்க தம்பி. ரூமெல்லாம் வசதியா இருக்கா?"

டீச்சர் அழுதுவிட்டாள். "ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல? நாங்க என்ன வேத்து மனுஷங்களா?" ஆடிட்டர் ஐஸ்காரரைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி, முன்னறையில், தாங்கள் படுத்த கட்டிலிலேயே கிடத்தினார். டீச்சர் தன் தலையணையை எடுத்து முதுகுக்குக் கொடுத்தாள். இத்தனை வருஷம் யாருக்குப் பயந்தோம் என்று ரூம் அக்கா நினைத்தாள்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் கதை வேறு. ஐஸ்காரருக்கு நன்றி சொல்லத் தோன்றிவிட்டது.

"இந்த இடம் எனக்குப் பழக்கந்தாம்மா. தினமும் நீங்க கிளம்பினதும் இங்கதான் படுத்திருப்பேன். போர்வை எங்களோடது, கவலைப்படாதீங்க."

டீச்சரின் கை தலையணையில் அப்படியே நின்றது. "தினமுமா?"

"இது தொத்தற வியாதி இல்ல டீச்சர்," என்று ரூம் அக்கா முந்திக்கொண்டாள். "ஃபாக்டரி வாயு. டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார்."

"சேச்சே, நான் அதுக்குக் கேக்கல." டீச்சர் கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெங்காயம் நறுக்கியபடியே கிடந்தது. ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்து, மத்தியான பஸ்ஸிலேயே போனால் கூட்டம் இருக்காது என்றார். டீச்சர் தலையணையைக் கேட்கவில்லை. ரூம் அக்கா எடுத்துக் கொடுத்தபோது, "வேண்டாம்க்கா, இருக்கட்டும்," என்றாள். வாசலில் இருவரும் ரொம்ப மரியாதையாக விடைபெற்றார்கள். அடுத்த வருஷம் என்ற பேச்சே வரவில்லை.

முன்னறையில் ஐஸ்காரர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். கடலில் வெயில் ஏறியிருந்தது.

"உக்காரு," என்றார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அடுத்து அறை பேசியிருந்த குடும்பம். நாளைக்கே வரலாமா என்று கேட்டார்கள். வருஷக்கணக்காக அந்தக் கேள்விக்கு ஒரே விதமாகப் பதில் சொல்லிப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை.

"நாளைக்கு முடியாதுங்க. ரூம்ல ஆள் இருக்காங்க. வியாழக்கிழமை வாங்க, காலியாயிடும்."

வைத்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஐஸ்காரர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அப்ப வியாழனுக்குள்ள நான் போயிடணும்," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அவள் மோட்டாரைப் போடப் பாதி தூரம் ஓடி, நடு வீட்டில் நின்றாள்.