சாருக்காக ஒரு கார் புத்தகம்

எனக்குக் கார் பிடிக்கும். எழுதும்போது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வாயால் சொல்வதுதான் கஷ்டம். சொன்ன உடனே "எந்தக் கலர்?" என்று கேட்பார்கள். வேப்பூர் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டே, போகிற கார் டீசலா பெட்ரோலா, ஓட்டுகிறவர் கியர் மாற்றச் சோம்பல்படுகிறாரா என்று என்னால் சொல்லிவிட முடியும். லைசென்ஸ் இருக்கிறது. கார் இல்லை. பள்ளியில் கணக்கு டீச்சர், நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், விருத்தாசலத்தில் அம்மாவோடு இருக்கிறேன். இவற்றில் எதைச் சொன்னாலும் ஊர் பரிதாபப்படும். காரைப் பற்றிச் சொன்னால் மட்டும் சிரிக்கும்.

படிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெண்கள் பத்திரிகையில் எப்போதாவது கார் வரும். "பெண்களுக்கு ஏற்ற கார்" என்று தலைப்புப் போட்டு, கைப்பை வைக்க இடம் இருக்கிறது, முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது என்று எழுதுவார்கள். எஞ்சின் இருக்கிறதா என்று எழுத மாட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் பானெட்டின் மேல் ஒரு பெண் சாய்ந்திருப்பாள். ஓடி வந்து நின்ற வண்டியாயிற்றே, சுடுமே என்று எனக்குப் பதறும். கட்டுரையின் கடைசியில் "உங்கள் மனைவிக்கும் பிடிக்கும்" என்று இருக்கும். எனக்கு ஏது மனைவி?

நல்ல பத்திரிகை ஒன்று கிடைத்தது ஊறுகாய் ஜாடியில். எங்கள் ஊர் பீங்கான் கம்பெனிகளில் ஜாடி, பொம்மை எதுவானாலும் பழைய தாளில் சுற்றி, வைக்கோல் வைத்துத்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்காக ஒரு ஜாடி வாங்கி வந்து பிரித்தால், சுற்றியிருந்த தாளில் ஒரு ஆள் கிளட்ச் மிதிப்பதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார். அந்தக் காரைச் சேர்வராயன் மலையில் மழையில் ஏற்றியிருக்கிறார். ஏழாவது வளைவில் பயந்துபோனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எட்டாவது வளைவுக்குப் போவதற்குள் பக்கம் முடிந்துவிட்டது.

மறுநாள் அதே கம்பெனிக்குப் போய் இன்னொரு ஜாடி வாங்கினேன். அதில் பஞ்சாங்கம் சுற்றியிருந்தது. அடுத்த ஜாடியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள். அதிலும் கணக்கு தப்பு. நாலாவது ஜாடியில்தான் எட்டாவது வளைவு வந்தது. "எதுக்குடி இத்தன ஜாடி? ஊறுகா போட ஊர்ல மாங்கா வேணாமா?" என்று அம்மா சத்தம் போட்டாள். நான் தாளின் அடியில் இருந்த பத்திரிகைப் பெயரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். அது யாரோ ஒருவர் வீம்புக்கு நடத்துகிற தமிழ் மாதப் பத்திரிகை. சந்தா கிடையாது, இணையத்தில் கிடையாது, கடையில் வந்தால் உண்டு. எங்கள் ஊருக்கு வருவது ஒரே ஒரு பிரதி. அதுவும் ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற ஒரு புத்தகக் கடைக்கு.

முதல் முறை போய்க் கேட்டதும் கடைக்காரர் மரியாதையாகப் புத்தகத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே, "சாருக்காம்மா?" என்றார். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். என் கல்யாணம் அப்படி நடந்தது.

அதற்கப்புறம் அந்த சாரை நான்தான் வளர்க்க வேண்டியிருந்தது. என்ன வேலை என்று கேட்டார். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் என்றேன். ஏன் வருவதே இல்லை என்றார், ஷிப்ட் என்றேன். பொங்கலுக்கு "சாருக்கு" என்று ஒரு காலண்டர் கொடுத்தார். ஒருநாள் தாம் பழைய கார் ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லி, சாரைக் கேட்டு வரச் சொன்னார். நான் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் சார் ஷிப்டில் இருந்தார். மறுநாள் போய்ச் சொன்னேன்.

"எஞ்சின்ல ஆயில் ஊத்துற மூடியக் கழட்டி, உள்பக்கம் வெள்ளையா நுர மாதிரி ஒட்டியிருக்குதான்னு பாக்க சொன்னாரு. இருந்தா வேணாம்னாரு."

நுரை இருந்தது. பணம் தப்பித்தது. "வண்டிய கண்ணால பாக்காமயே சொல்றாருன்னா அவரு சாதாரண ஆளு இல்லம்மா. நீங்க குடுத்து வெச்சவங்க" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கு இல்லை, சுரங்கம் இருக்கிற திசைக்கு. இல்லாத புருஷன் மேல் எனக்குப் பொறாமை வந்தது. என் மூளையை வைத்துக்கொண்டு அவன் பேர் வாங்குகிறான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாதம் புத்தகம் இல்லை.

"இப்பதாம்மா இன்னொரு சாரு வூட்லேர்ந்து வந்து வாங்கிட்டுப் போனாங்க. அவரும் நம்ம சாரு மாதிரியே கார் பைத்தியம். பாவம், முட்டி வலி, வெளிய வர முடியல. வூட்டம்மாதான் வராங்க."

"இன்னொரு காப்பி வரவழைக்கக் கூடாதாண்ணே?"

"ஏஜென்ட்டு தர மாட்டேங்கறாரும்மா. இந்த ஊருக்கு ஒண்ணே அதிகம்ங்கறாரு. யாரு மொதல்ல வராங்களோ அவங்களுக்குத்தான்."

அந்த மாதம் கியர்பெட்டி பற்றிய தொடரின் முதல் பாகம் வந்திருந்தது. அடுத்த மாதம் நான் முந்திக்கொண்டு இரண்டாம் பாகத்தை வாங்கினேன். முதல் பாகம் படிக்காமல் அது தலையில்லாத முண்டமாக இருந்தது. அதற்கடுத்த மாதம் மூன்றாம் பாகம் அந்த முட்டி வலிக்காரருக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மாதம் முழுக்க எண்பது பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்துகிறவளுக்கு இருந்த ஒரே சுகம் அந்தப் புத்தகம். அதை எவனோ ஒரு ஆம்பிளை, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டியை அனுப்பிப் பிடுங்குகிறான்.

எங்கள் பக்கத்தில் கோழி திருட்டுப் போனாலும், வாய்க்கால் தகராறு வந்தாலும், ஊருக்கு வெளியே இருக்கிற முருகன் கோயிலில் பிராது கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போலவே மனு எழுதி, சாமி பாதத்தில் வைத்து, பிறகு கொண்டுபோய் முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட வேண்டும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கணக்கு டீச்சராக நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள். மூன்றாம் பாகமும் கைவிட்டுப் போனதும் நானும் உட்கார்ந்து எழுதினேன். "பெயர் தெரியாத எதிராளி, முட்டி வலி என்று அனுதாபம் தேடி, எனக்கு வர வேண்டிய புத்தகத்தை அபகரித்து வருகிறார். விசாரித்து ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறேன்." முட்டி வலியை அதிகப்படுத்தச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்து, அது வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்த புத்தகம் வருவதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் கோயிலில் வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் எங்கள் தலைமையாசிரியை. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் மேல் மாடி வகுப்புகூட அடங்கிவிடும். கையில் மடித்த தாள் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதைச் சட்டென்று முந்தானைக்குள் செருகினார். நான் என்னுடையதைக் கைப்பைக்குள் போட்டேன்.

"என்ன டீச்சர், இங்க?"

"சும்மா மேடம். டிரான்ஸ்பர் விஷயமா. நீங்க?"

"எனக்கும் அதேதான்" என்றார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவருக்கு என்ன டிரான்ஸ்பர் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் முன்னால் போய் குருக்களிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஓரமாக நின்றார். என் முறை வந்தது. "எதிராளி பேரு?" என்று குருக்கள் கேட்டார். நான் குரலைத் தாழ்த்தி, "பேரு தெரியாதுங்க. ஜங்ஷன் ரோட்டு புக்குக் கடையில கார் புக்கு வாங்கறவரு" என்றேன்.

குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இப்பதானம்மா இந்த அம்மாவும் இதையே சொன்னாங்க!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ரெண்டு பேரும் வாதின்னா பிரதிவாதி யாரு? சாமி யாரப் போயி விசாரிப்பாரு? வெளிய போயி பேசி முடிச்சிட்டு வாங்க. சாமி எங்கயும் போயிட மாட்டாரு."

பின்னால் நின்றிருந்த கோழி வழக்குக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த முட்டி வலி சார் யார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏனென்றால் மேடத்தின் கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. துக்கம் கேட்கப் பள்ளியிலிருந்து வேன் வைத்துப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன்.

கோயில் வாசலில் டீ வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். டீயை ஊதி ஊதிக் குடித்தோம். கடைசியில் மேடம் இன்ஸ்பெக்‌ஷன் குரலில், "கியர்பெட்டி ரெண்டாம் பாகம் உங்ககிட்டயா இருக்குது?" என்றார்.

"ஆமா மேடம். மொத பாகம் உங்ககிட்டயா?"

"மூணும்கூட."

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கிளட்ச், பிரேக், ஏழாவது வளைவு. மேடத்துக்கு டீசல் எஞ்சின்தான் பிடிக்கும் என்று தெரிந்தது. எனக்குக் கட்டோடு பிடிக்காது. அதற்காகச் சண்டை போட்டோம். இத்தனை வருஷம் அவரிடம் லீவுக்குக் கையெழுத்து வாங்குவதைத் தவிர வேறெதற்கும் நான் வாயைத் திறந்ததில்லை. சந்தோஷத்தில் பிராதை மறந்தே போனோம்.

"நீங்களும் கடக்காரரு சாருக்கான்னு கேட்டதுக்குத்தான் ஆமான்னீங்களா மேடம்?"

"ஆமா. வாய் தவறி வந்துடுச்சி. அப்புறம் மாத்த முடியல."

திங்கள்கிழமை சேர்ந்து போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். படிப்பது நாங்கள்தான், இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு பிரதி வரவழையுங்கள் என்று கேட்பது. சொன்னால் கேட்காமலா போவார்?

எங்களைச் சேர்ந்து பார்த்ததும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ரெண்டு சாரு வூட்டம்மாவும் ஒண்ணா வந்துருக்கீங்க! புக்கு இப்பதான் வந்துச்சி."

நான் முந்திக்கொண்டேன். "அண்ணே, சாருன்னு யாரும் இல்லண்ணே. எனக்குக் கல்யாணமே ஆகல. இத்தன நாளா இத படிச்சது நான்தான்."

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "விட்டுட்டுப் போயிட்டாராம்மா?" என்றார்.

"இருந்தாதானண்ணே போறதுக்கு?"

"புருஷன் பொண்டாட்டின்னா சண்ட வரத்தான் செய்யும். அதுக்காக ஆளே இல்லங்கலாமா? அந்த ஆயில் மூடி சமாச்சாரம் சொன்னது யாரு?"

"நான்தாண்ணே!"

பாவப்பட்டுச் சிரித்தார். எனக்கு ஸ்டூல் போட்டு, ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். பிறகு மேடம் பக்கம் திரும்பி, "நம்ம சாரு எப்படி இருக்காரு மேடம்?" என்றார்.

இனி மேடம் பார்த்துக்கொள்வார் என்று நான் நிம்மதியாகச் சோடாவைக் குடித்தேன்.  

"நல்லா இருக்காரு."

"முட்டி வலி?"

"பரவால்ல. படி ஏறினாதான் கொஞ்சம்."

"நான் சொன்ன தைலம் தேய்க்கறீங்களா?"

"தேய்க்கறேன்."

கடைக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். ஒரே புத்தகத்தைக் கையில் எடுத்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. படிக்க ஆளு இருக்கற வூட்டுக்குக் குடுக்கறதுதான் ஞாயம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அதை மேடத்திடம் கொடுத்தார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த எனக்குக் கொடுப்பதைவிட, செத்துப்போன ஒருவருக்கு அந்தக் கார் புத்தகத்தைக் கொடுப்பதுதான் அவருக்கு நியாயமாகப் பட்டது.

வெளியே வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன மேடம் இது? என்னை மட்டும் மாட்டி விட்டுட்டீங்களே!"

அவர் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடந்தார். ரயில்வே மேம்பாலம் ஏறும் இடத்தில் நின்றார்.

"அவருக்கு கார்னாலே ஆகாது டீச்சர். இதோ இருக்கற பெண்ணாடம் போறதுக்குள்ள ரெண்டு வாட்டி வாந்தி எடுப்பாரு. முட்டி வலி மட்டும் நெசம்." புத்தகத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அவரு போனப்புறம் யாரும் அவரப் பத்திப் பேசறதில்ல. எம் புள்ளகூட பேச்ச மாத்திடறான், நான் அழுவேன்னு. அவரு எப்படி இருக்காருன்னு என்னைக் கேக்க இந்த ஊர்ல அந்த ஒரு ஆளுதான் இருக்காரு. அவர்கிட்டயும் போயி, செத்துட்டாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அதுவும் நடுரோட்டில். மேடம் புத்தகத்தை என் கையில் திணித்து, "நீங்க மொதல்ல படிங்க. ஓரம் மடிக்காதீங்க" என்றார்.

அடுத்த மாதம் மேடம் மீட்டிங்குக்காகக் கடலூர் போயிருந்தார். புத்தகம் வாங்க நான் தனியாகப் போனேன். கடைக்காரர் முதலில் என் புருஷன் திரும்பி வந்தாரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். வருத்தப்பட்டார். பிறகு, "மேடம் வரல? சாருக்கு ஒடம்பு எதுவும் முடியலயா?" என்று நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, நல்லா இருக்காரு. இப்பதான் பாத்துட்டு வரேன். முட்டி வலிகூட கொறஞ்சிருக்குது. புக்கு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அப்ப நிக்காதீங்கம்மா, சீக்கிரம் கொண்டுபோயி குடுங்க" என்றார். நான் வேகமாக நடந்தேன்.