நாற்பத்து மூன்று பேரும் வராத மாலை

ஆசிரியரே வராத வகுப்புக்கு நீங்கள் வரவில்லை என்று உங்கள் பெயருக்கு நேராக ஒருவர் எழுதிவைத்தால் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டு 'சண்டை போடுவேன்' என்று சொல்லாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் கையைக் கட்டிக்கொண்டு, 'கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்' என்றுதான் நிற்போம். கோட்டைமேட்டு சாஜிதா பேகம் அப்படி நிற்கவில்லை.

சாஜிதாவுக்கு வயது நாற்பத்தொன்று. நீலம்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் எழுத்தர். முந்நூறு தொழிலாளர்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பதினாறு ஆண்டுகளாகப் பதிவேட்டில் எழுதிவருகிறவர். பழக்கம் விடுமா? வீட்டில் கேஸ் வந்த நேரம், தண்ணீர் நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பார். "நான் பாத்ரூம் போன நேரத்தையும் எழுதிப்போட்டியா?" என்று கணவர் உவைஸ் கேலி செய்வார். அந்த நோட்டுதான் பின்னால் ஒன்பது பேரின் தலையெழுத்தை மாற்றியது. தலையெழுத்து என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் பேனாவால் எழுதுவதுதான் இருக்கிறது. அதை சாஜிதா அனுபவத்தில் அறிந்தவர். ஏனென்றால் ஒருமுறை அந்தப் பேனா அவர் கையிலேயே இருந்தது.

அந்த ஆலையில் ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தை ஓட்டியவர் பங்காரு. ஓராண்டு பஞ்சு வரத்து நின்றுபோய், பதினான்கு நாட்கள் நிர்வாகமே 'வேலை இல்லை, வீட்டுக்குப் போ' என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியது. அந்த நாட்களுக்கு ஆப்சென்ட் போடச் சொன்னார் மேலாளர். சாஜிதாவும் போட்டார். ஆண்டு முடிவில் பங்காருவுக்கு இருநூற்று முப்பத்தொரு நாள். இருநூற்று நாற்பது இருந்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு. மகளின் பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டு வந்தவரை ஒன்பது நாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் சோதனைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "வேலை இல்லைன்னு லே-ஆஃப் குடுத்த நாளும் வந்த நாள் கணக்குதானேம்மா? சட்டம் அப்படித்தானே சொல்லுது?" என்று கேட்டார். அதற்குள் பங்காரு வேலையை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

எழுதச் சொன்ன மேலாளர் நன்றாகத் தூங்கினார். எழுதிய சாஜிதாவால் முடியவில்லை. சட்டம் தெரியாமல் இனிமேல் ஒரு கட்டத்தையும் நிரப்பக்கூடாது என்று முடிவெடுத்தார். 2023இல் நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்கான பகுதிநேரப் படிப்பு அது. சனிக்கிழமை நேரில் வகுப்பு. செவ்வாய், வியாழன் மாலை ஆறரை முதல் எட்டரை வரை இணையவழி. கேமராவை அணைத்தால் ஆப்சென்ட்.

ஆலை விட்டுப் பேருந்தில் வரும்போதே செவ்வாய் வகுப்பு தொடங்கிவிடும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைப்பேசி.

"சாஜிதாம்மா, உங்க தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறவர் யாருங்க?" என்று ஆசிரியர் ஒருநாள் கேட்டார்.

"கண்டக்டருங்க சார். போன வாரத்துலேர்ந்து கிராஜுட்டி பாடம் கேக்கறாருங்க. அவருக்கும் பிரசென்ட் போட்டுருங்க."

இப்படிப் படித்த பெண்ணுக்குத்தான் 2024 ஏப்ரலில், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, குறுஞ்செய்தி வந்தது: வருகை எழுபது சதவீதம், தேவை எழுபத்தைந்து, ஹால் டிக்கெட் கிடையாது. அதாவது ஓர் ஆண்டு போச்சு.

"மில்லுல முந்நூறு பேருக்கு பிரசென்ட் போடுற. உனக்கே ஆப்சென்ட்டா?" என்றார் உவைஸ். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் முகம் வாடியிருந்தது. "தர்காவுக்கு ஒரு நேர்ச்சை வெச்சுக்கலாமா?"

"நேர்ச்சை எதுக்குங்க? நோட்டு இருக்குதுங்க" என்றார் சாஜிதா.

முறையீடு செய்யக் கடைசி நாள் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. பத்து மணிக்கே கல்லூரி அலுவலகத்தில் நின்றார். அலுவலகக் கண்காணிப்பாளர் கதிர்வேல் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பருவத்தில் நூற்றிருபது மணி நேர வகுப்பு. வந்தது எண்பத்து நான்கு.

"ரூல்ஸ் ரூல்ஸ்தானுங்க அம்மணி. இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?"

"உங்க வயசுல நீங்க ஆபீசுக்கு வாரீங்கள்ல, அதுக்குத்தானுங்க. ரூல்ஸை நான் கேக்கலைங்க. எந்தெந்த நாள்னு காட்டுங்க."

"கம்ப்யூட்டர் போட்டதுங்க. அது தப்பு பண்ணாது."

பாருங்கள்! சாமியாடி சொல்லும் வாக்குக்கு அடுத்தபடியாக, நம் ஊரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்காத ஒரே வாக்கு இப்போது இதுதான். சாஜிதா நோட்டைப் பிரித்தார். ஐந்து தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக: '6.30 லிங்க் திறக்கவில்லை. 7.15 வரை காத்திருந்தேன்.' ஐந்து மாலை, பத்து மணி நேரம்.

"அது உங்க நெட்டு பிரச்சினையா இருக்குமுங்க" என்றார் கதிர்வேல்.

"அப்படின்னா எனக்கு மட்டும்தானே ஆப்சென்ட் இருக்கோணும்? மொத்த கிளாசுக்கும் ஒரு பிரிண்ட் எடுங்க."

"மத்தவங்களுது காட்டக்கூடாதுங்க."

"பேரை மறைச்சுபோட்டு எடுங்க. எனக்குப் பேரு வேண்டாம், கட்டம் போதும்."

வகுப்புத் தோழி லோகப்பிரியா அதற்குள் அங்கே வந்துவிட்டாள். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவளுக்கும் ஹால் டிக்கெட் இல்லை. அச்சு இயந்திரம் இழுத்து இழுத்துத் துப்பிய காகிதத்தை மூவரும் குனிந்து பார்த்தார்கள். முதல் தேதிக்குக் கீழே ஆப்சென்ட். அதற்குக் கீழே ஆப்சென்ட். அதற்கும் கீழே. லோகப்பிரியா விரல் வைத்து உரக்க எண்ணினாள். "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு, நாப்பத்துமூணு... அக்கா! ஒருத்தர்கூட வரலை அக்கா!" ஐந்து மாலைகளிலும் அப்படியே. மொத்த வகுப்பும், மேலிருந்து கீழ்வரை!

"எங்க மில்லுல ஒரு ஷிப்டுக்கு ஒருத்தர்கூட வரலைன்னு எழுதினா, மிஷின் நின்னுபோச்சான்னுதானுங்க மொதல்ல கேப்பாங்க" என்றார் சாஜிதா. "நாப்பத்துமூணு பேரும் ஒரே நாள்ல சொல்லிவெச்சாப்புல வரலையேன்னு இங்க ஒருத்தருக்குமா தோணலைங்க?"

கதிர்வேல் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதல்வர் சாந்தாமணியின் அறைக்கு ஓடினார். ஆம், ஓடினார்! கெட்ட மனிதர் அல்ல அவர்; இதுவரை யாரும் அவரிடம் மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல்வர் சாஜிதாவை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். "அந்த அஞ்சு நாளும் லிங்க் அனுப்ப வேண்டிய ஆசிரியர் லீவுங்க. மாத்து ஆள் போடலை. சிஸ்டம் நேர அட்டவணையைப் பாத்து கிளாஸ் நடந்ததா எடுத்துக்கிச்சு. உங்களுக்கு சலுகையில ஹால் டிக்கெட் போட்டுத் தாரேன். வெளிய சொல்லிக்க வேண்டாம், சரிங்களா?"

ஓர் ஆண்டுப் படிப்பு மேசைமேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். லோகப்பிரியா கதவுக்கு வெளியே நின்றாள்.

"சலுகை வேண்டாமுங்க மேடம்" என்றார் சாஜிதா. "நடக்காத பத்து மணி நேரத்தைக் கழிச்சுபோடுங்க. நூத்திப்பத்துக்கு எண்பத்துநாலு. எழுபத்தாறு சதவீதம் வருது. என் கணக்குலயே நான் பாஸ். எல்லாருக்கும் அதேபோலப் போடுங்க. ஒரு ஆளுக்கு இப்படி ஆப்சென்ட் போட்டு, ஊட்டுக்கு அனுப்பினவ நான். இன்னொருக்கா அதுக்கு நான் துணை போகமாட்டேனுங்க."

சாந்தாமணி அந்தக் காகிதத்தில் ஐந்து தேதிகளையும் பேனாவால் வட்டமிட்டார். பிறகு கதிர்வேலைக் கூப்பிட்டு, கணக்கை மறுபடி போடச் சொன்னார்.

மூன்றே முக்காலுக்குப் பட்டியல் ஒட்டப்பட்டது. தடுக்கப்பட்ட பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு ஹால் டிக்கெட்! லோகப்பிரியா கத்திய கத்தலில் காவலாளி உள்ளே ஓடிவந்தார். மிச்சம் இரண்டு பேருக்கு உண்மையாகவே வருகை போதவில்லை. அவர்களில் ஒருவன் ரித்விக்.

"அக்கா, எனக்கும் ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்கக்கா."

"உறங்கிப்போன நாளுக்கெல்லாம் வழி கிடையாது கண்ணு. அடுத்த தடவை கிளாசுக்கு வா."

அடுத்த பருவத்திலிருந்து அந்தக் கல்லூரிப் பதிவேட்டில் வந்தார், வரவில்லை என்ற இரண்டோடு மூன்றாவதாக 'வகுப்பு நடக்கவில்லை' என்று ஒரு குறியும் சேர்ந்தது. சாஜிதா தேர்வு எழுதினார், தேர்ச்சி பெற்றார். ஆலையில் லே-ஆஃப் நாளுக்கு யார் சொன்னாலும் இப்போது அவர் ஆப்சென்ட் போடுவதில்லை. பங்காருவின் முகவரியைத் தேடிப் பவானிக்கும் சென்னிமலைக்கும் போய்வந்தார். கிடைக்கவில்லை. அந்த ஒன்பது நாள் இன்னும் நேராகவில்லை.

நீங்கள் படிப்பவரோ, வேலை செய்பவரோ, பதிவேடு எழுதுபவரோ, யாராக இருந்தாலும் திங்கட்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். உங்கள் பெயருக்கு நேராக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலிருந்து கீழாகவும் பாருங்கள். எல்லோரும் வராத ஒரு நாள் அதில் இருந்தால், அன்று நின்றுபோனது எது என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.