சதீக்குக்குக் காட்ட வேண்டிய விரல்

எங்கள் தெருவில் வாய் நீளமும் மூளை குட்டையும் ஒருசேர அமைந்தவன் நான் ஒருவன்தான். சித்தப்பாவின் அரபு நண்பர் வெறும் ரீல் என்று இரண்டு வருஷம் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்த மகான் நானே.

சித்தப்பாவுக்கு அரபு நாடொன்றில் குடோன் வேலை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதனால் நாட்டின் பெயர் வேண்டாம். 2006 தேர்தலுக்கு லீவில் வந்தவர், ஓட்டுப் போட்ட கையோடு மை வைத்த விரலில் பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டார். உப்புத் தண்ணீர் பட்டால் மை போய்விடுமாம். அப்பா உப்பு வாரும் உப்பளப் பாத்திப் பக்கமே சித்தப்பா வரவில்லை.

“விரலுக்கு ரெயின்கோட்டா சித்தப்பா?” என்றேன்.

“டேய், இத சதீக்குக்குக் காட்டணும்டா.”

சதீக் என்றால் அரபியில் நண்பன். பன்னிரண்டு வயதில் நான் அதை ஓர் ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தேன். குடோனில் ரசீது எழுதும் அந்த நாட்டுக்காரர் அவர். ஓட்டுச்சாவடியைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கும் தேர்தல் வேண்டும் என்று, சிலரோடு சேர்ந்து அரசருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாராம்.

“உப்பள மொதலாளிக்கும் ஒரு ஓட்டு, உப்பு வார்ற எங்கண்ணனுக்கும் ஒரு ஓட்டுன்னேன். நம்பவே மாட்டேன்னுட்டாரு. அப்ப ஆள்றவங்கள மாத்தலாமான்னு கேட்டாரு. அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்திக்கினேதான் இருக்கோம்னேன். சிரிச்சாரு. சிரிச்சிட்டுக் கதவப் பாத்தாரு.”

“கதவ ஏன் பாக்கணும்? பொண்டாட்டி வந்துட்டாங்களா?” என்றேன். வீடே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை.

மை அழியாமலே விமானம் ஏறினார். போனபோது சதீக்கின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததும், அவர் எங்கே என்று குடோனில் ஒருவரும் கேட்காததும், அடுத்த லீவில் சித்தப்பா என் அப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அங்கே ஆள்கிறவர் மட்டும் மாறத்தான் செய்தார்: அப்பா போய் மகன் வந்தார்.

ஆனால் சித்தப்பா போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்பா கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன். கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“சித்தப்பா, சதீக் விரலப் பாத்தாரா? ராஜாவுக்கு எழுதின மனு என்னாச்சு?”

சித்தப்பா, வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிப்பவர்போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“எனக்கு இங்க சதீக்னு யாரும் கிடையாதுடா.”