படம் போடாத காம்போ

செய்தி சாந்தாமணியக்காவின் எண்ணிலிருந்தே நம் தையல் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. “சாந்தாமணி இன்னைக்குக் காலைல மாரடைப்புல தவறிட்டாங்க. நான் அவங்க நாத்தனா கலாமணி.” நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மிச்சமிருந்த மூன்று கொக்கிகளையும் தைத்து முடித்தேன். கலாமணி பிழைக்க வேண்டுமென்றுதான் போன வருடம் நாமெல்லாம் ஒன்றுகூடினோம். அவர் இப்படியொரு செய்தியை நமக்கு எழுதுவார் என்று நம்மில் யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

அக்கா வெள்ளகோவிலில் தையல்கடை வைத்திருந்தார். யூடியூபில் ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்தார். மதுக்கரையில் நானும் அதே வேலைதான் செய்கிறேன். நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. கலாமணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் குழுவில் அக்காவின் குரல் வந்தது. “ஏனுங்க, ஒரு ஒத்தாசை பண்ணோணும். காசு கேக்கலீங்க. ஆளுக்கொரு ஜாக்கெட் கட்டிங் குடுங்க. எல்லாத்தையும் ஒரே காம்போவாப் போட்டு ஆன்லைன்ல விப்போம். வர்றது என்ற நாத்தனா ஆபரேசனுக்கு.” பதினெட்டுப் பேர் கொடுத்தோம். அச்செடுத்துத் துணிமேல் வைத்து அப்படியே வெட்டிக்கொள்ளும் தாள்கள்.

தர்மத்துக்குத்தானே என்று நான் பழைய கோப்பு ஒன்றை அனுப்பிவைத்தேன். இரண்டு நாளில் ஃபோன் வந்தது.

“அம்மணி, உங்களுத வெட்டித் தெச்சுப் பாத்தேனுங்க. கைக்குழி அரை இஞ்சு எறக்கமா இருக்குது.”

“பதினெட்டையும் தெச்சா பாக்கறீங்க?”

“பின்ன? வாங்கறவங்க நல்ல துணிய வெட்டிப்போட்டு அப்பறம் அழுகோணுமா?”

விளம்பரம் போடும்போதுதான் சண்டை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் கலாமணியின் படத்தைப் போட்டால்தான் விற்கும் என்றோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “நாளைக்கு அவங்க பொழச்சு வந்து சந்தைக்குப் போகோணுங்க. அங்க யாரும் அவங்களப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது.” ஜாக்கெட் படங்கள் மட்டும் போயின. முதல் வாரம் விற்கவே இல்லை. ஆபரேசனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். அப்போதும் அவர் மாறவில்லை. தினமும் ஒரு கட்டிங்கை எடுத்து, நேரலையில் வெட்டித் தைத்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் ஆட்கள் வாங்க ஆரம்பித்தார்கள்.

இடையில் யாரோ முழுக் காம்போவையும் டெலிகிராமில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். நாம் கொதித்தோம். அதில் ஒரு கட்டிங், கழுத்தளவு தப்பென்று நாம் பிறகு மாற்றியது. அவர்கள் போட்டது பழையது. அக்கா அந்தச் சேனலிலேயே போய், திருத்திய தாளைப் போட்டுவிட்டு வந்தார். ஏன்க்கா என்று கேட்டேன். “வெட்டறவங்களுக்கு என்ன தெரியும் பாவம். துணி அவங்களுதுங்களே” என்றார்.

ஆபரேசன் குறித்த தேதியில் நடந்தது. கலாமணி பிழைத்தார்.

அக்கா தவறிய செய்தி வந்த அன்று மத்தியானம் பஸ் ஏறி வெள்ளகோவில் போனேன். கலாமணிதான் வந்து என் கையைப் பிடித்தார்.

“நானும் சாந்தாமணியும் ஏழு வருசம் பேசிக்கலீங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியாது என்றேன்.

“எங்கம்மா படுக்கைல கெடந்தப்ப நான் சாந்தாமணிய ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுங்க. அப்பறம் போன வருசம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில்கிட்ட நின்னுட்டு, ‘உங்க படம் எங்கயும் போடலீங்க’ன்னாங்க. ஏழு வருசத்துக்கப்பறம் அதுதான் மொதப் பேச்சு.”

“அதுக்கப்பறம்?”

“தெனமும் பேசினமுங்க.”

அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

கிளம்பும்போது கலாமணி கடைக்குள் போய், அக்கா தனக்குத் தைக்கும்போது அளவுக்கு வைத்துக்கொள்ளும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “எங்க ஊட்ல யாருக்கும் சேராதுங்க. வேண்டாம்னா சொல்லிருங்க.” வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மேஜைமேல் விரித்தேன். கை பழக்கத்தில் டேப்பை எடுத்து அளந்துவிட்டது. தோள் பதினாலு. உடம்பு முப்பத்தாறு. கை ஒன்பது. வாடிக்கையாளர் நோட்டில் அக்கா பெயரெழுதிக் குறித்துவைத்தேன். குழுவிலிருக்கும் உங்களிடம் அவர் குரல் இருக்கும், வீடியோக்கள் இருக்கும். நான் வைத்திருப்பது இந்த அளவு.