வினோதா தேய்த்த குண்டுகள்

ஓசூர் சிப்காட்டில் உள்ள அந்தச் சின்னக் கம்பெனியில் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அளவுக் கருவிகள் நாலைந்து உண்டு. ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாரும் தேடிப் போவது வினோதாவின் கட்டைவிரல் நகத்தைத்தான். பதினான்கு வருஷமாகக் கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். கடைந்து வரும் உருப்படியின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத பிசிறும் அவளிடம் மாட்டிக்கொள்ளும். அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்தால் என்ன, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே.

ஊர் ஜவளகிரி. காலை ஐந்தரைக்குக் கிளம்பித் தளிக்கு வந்தால் கம்பெனி வேன் நிற்கும். புருஷன் கங்கப்பன் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். பேர்தான் பெரிசு, வேலை தற்காலிகம். கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி ராகிக் கொல்லைக்குள் நுழைந்தால், பட்டாசும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு "ஹோகு சாமி, ஹோகு" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக்கொண்டு முன்னால் போகிற நாலு பேரில் அவனும் ஒருவன். அவன் பெயரை வினோதா வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது மாமியார் வெங்கடம்மாவின் கண்டிப்பு. ரேஷன் கடையில் பேர் கேட்டால் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். கம்பெனியில் இதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "நீங்க சிரிங்க. ஆயுசு அவருதுதான போவும்?" என்பாள்.

போன வருஷம் புதிதாக ஒரு உருப்படி வந்தது. பித்தளையில் கடைந்தது. சுண்டுவிரல் தடிமன், நீளம் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் குறைவு, ஒரு முனை வெட்டிவிட்ட மாதிரி தட்டை. வரைபடத்தில் எண் மட்டும்தான், பெயர் இல்லை. வெளிநாட்டு ஆர்டர். அது என்ன சாமான், எங்கே போகிறது, அதற்கு என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். கீழே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ வால்வுக்குள் போகிற முளை என்று நினைத்துக்கொண்டு இவர்களாக அதற்கு 'மொட்டை' என்று பெயர் வைத்தார்கள்.

மொட்டையின் தட்டை முனையைச் சுற்றி விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. முதல் ட்ரேயிலேயே வினோதாவின் விரல் கிழிந்தது. அந்தத் தொழிலில் விளிம்பைக் கூராக விட்டு அனுப்புவது, கல் பொறுக்காமல் சோறாக்கிப் போடுகிற மாதிரி. எந்த வரைபடமானாலும் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும்: கூர் விளிம்புகளை மழுக்கவும். காலம் காலமாக ஒரே வரி என்பதால் அதை யாரும் வாசிப்பதில்லை. இந்த வரைபடத்தில் அதே இடத்தில் வேறு வரி இருந்தது: முன் விளிம்பைத் தொடக்கூடாது. அதையும் யாரும் வாசிக்கவில்லை.

"தம்பி, உன் மெஷினு பிசிறு வுடுது பாரு," என்றாள் மெஷின் ஓட்டும் ஆனந்திடம். சாத்தூர்ப் பையன்.

"கடையுற டூல் புதுசுதானக்கா. நான் என்ன செய்ய?" என்று சிரித்தான் அவன்.

சரி, எங்கேயோ யாரோ ஒருத்தர் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம் என்று அவளே உலோகம் தேய்க்கிற எமரித் தாளை எடுத்தாள். சாப்பாடு முடிந்து மீந்த நேரத்தில், கைக்கு அகப்பட்டதையெல்லாம் விளிம்பில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ட்ரேயில் போட்டாள். யாரும் செய்யச் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசோடு செய்தது. பின்னால் அவளைத் தின்றதும் அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தரப்பிரிவு மேனேஜர் ராஜசேகர் எல்லாரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். முகம் செத்துப் போயிருந்தது. ஒரு மொட்டையை எடுத்து மேசையில் நிறுத்தி, "இது வால்வு பின் இல்ல. ரைபிள் புல்லட்," என்றார்.

அவரே விளக்கினார். ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் பணம் கட்டி லைசன்ஸ் வாங்கிக்கொண்டு யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடப் போகிறார்கள். மானுக்கு என்றால் ஈயக் குண்டு போதும், உடம்புக்குள் போய் விரிந்துவிடும். யானைக்கு அது உதவாது. அதன் மண்டை எலும்பு கனமானது, உள்ளே அறை அறையாக இருக்கும். ஈயம் பாதி வழியில் நசுங்கி நின்றுவிடும். அதற்குத்தான் நசுங்காத முழுப் பித்தளை. முனை தட்டையாக, விளிம்பு கூராக இருந்தால் குண்டு நேராகத் துளைத்துக்கொண்டு மூளைவரை போகும். விளிம்பு உருண்டிருந்தால் எலும்பில் பட்டதும் திசை மாறிவிடும்.

"மாறிடுச்சு," என்றார் ராஜசேகர். "ஃபர்ஸ்ட் ஷாட் மூளைக்குப் போகல. யானை நேரா வந்திருக்கு. முன்னாடி தடம் பாத்துட்டுப் போன ஆளு அந்த இடத்துலயே அவுட். யானை காயத்தோட ஓடி, ரெண்டு நாள் கழிச்சு விழுந்திருக்கு. பெட்டியில மிச்சம் இருந்ததுல பாதிக்கு விளிம்பு உருண்டிருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்காங்க."

வினோதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜசேகர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். டூல் தேய்ந்துவிட்டது, ஆனந்த் நேரத்துக்கு மாற்றவில்லை, அவனுக்கு மெமோ. ஸ்டோரில் இருக்கும் அறுநூற்று நாற்பதில், டூல் தேய்கிற சமயத்தில் கடைசியாகக் கடைந்த நூற்றை எடுத்துவிட்டு, மிச்சத்தை சனிக்கிழமை அனுப்பிவிடலாம் என்றார். தான் தேய்த்தவை அந்தக் கடைசி நூற்றில் மட்டும் இல்லை, அறுநூற்று நாற்பதிலும் கலந்து கிடக்கின்றன என்பது வினோதாவுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அவை மறுபடியும் யாரோ ஒருவனுக்குப் பின்னால் நிற்கிற துப்பாக்கிக்குள் போகும். வாயைத் திறந்தாள். பதினான்கு வருஷத்துப் பேர் கண்முன் வந்து நின்றது. மூடிக்கொண்டாள்.

"நெசமா டூலை மாத்துனேன்க்கா. நீங்களாச்சும் சொல்லுங்களேன்," என்றான் ஆனந்த், கை கழுவும் இடத்தில். அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் குழாயை மூடிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு கங்கப்பன் வந்தான்.

"இன்னாத்துக்கு லீவு?"

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்தது. அவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும், "முன்னால போனவன் கைல துப்பாக்கி இருந்துதாமா?" என்றான்.

"தெரியல. தடம் பாக்கற ஆளுன்னுதான் சொன்னாங்கோ."

"இருந்திருக்காது. முன்னால போறவன் மண்ணப் பாத்துக்கினு போவான். பின்னால கீறவன் கைய நம்பித்தான் போறது." காபியைக் கீழே வைத்தான். "அவன் பேரு இன்னா?"

அவள் யோசித்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த புகார்க் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வேட்டைக்காரர் பேர் இருந்தது. துப்பாக்கியின் பேர் இருந்தது. விழுந்த யானையின் தந்தம் எத்தனை கிலோ என்றுகூட இருந்தது.

"அவரு பேரு மட்டும் இல்ல," என்றாள்.

"எங்க போடுவாங்கோ? அஞ்செட்டி பக்கம் எங்காளு ஒருத்தன் யானை மிதிச்சிப் போனானே, பேப்பர்ல 'காவலர் ஒருவர்'னுதான் வந்துது."

வினோதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல குண்டா பொறுக்கி அனுப்பினா யானை சாவுது. நம்ம சாமி. கெட்டத அனுப்பினா மனுசனும் சாவறான், யானையும் ரெண்டு நாளு துடிச்சிச் சாவுது. நான் இன்னா பண்றது?"

"எனக்கு இன்னா தெரியும்," என்றான் கங்கப்பன். சேற்றுக் காலைக் கழுவ எழுந்தவன், "ஆனா அந்தாளுக்கும் ஒரு வூடு இருந்திருக்கும்," என்றான்.

வியாழக்கிழமை ராஜசேகர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். "டூல் மேல தப்பு இல்ல சார். நாந்தான் எமரி போட்டன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வினோதாம்மா, வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. டூல் தேஞ்சிடுச்சுன்னு எழுதினா ஒரு பேப்பரோட முடிஞ்சிடும். செக் பண்றவங்களே கையால தேச்சிட்டாங்கன்னு எழுதினா கஸ்டமர் நம்மள நம்புவானா? உங்க சைன் அத்தாரிட்டி போயிடும்."

"போவட்டும் சார். ஆனந்த் மெமோவ எம்பேருக்கு மாத்துங்க. பெட்டிய எங்கிட்ட குடுங்க. எது நான் தேச்சதுன்னு என் நகத்துக்குத் தெரியும்."

இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினாள். அவள் கண் முன்னால் இரண்டே பெட்டிகள், சிவப்பும் பச்சையும். நகம் வழுக்கினால் சிவப்பு. விளிம்பு நகத்தைக் கடித்தால் பச்சை. பச்சையில் போடுகிற ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றும் ஒரு யானை என்பதை மறக்க அவளால் முடியவில்லை. ஏரியில் குட்டிக்குத் தண்ணீர் பீய்ச்சிய பெண் யானை ஒன்றை ஜவளகிரியில் பார்த்திருக்கிறாள், அதுவே வந்து வந்து நின்றது. எல்லாவற்றையும் சிவப்பில் தள்ளிவிட்டால் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தாள். தள்ளினால் ஆனந்த் மறுபடியும் கடைவான், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் சிவப்புப் பெட்டியில் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. ராஜசேகர் அதிலிருந்து முப்பதை எடுத்து, நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். முப்பதும் உருண்டிருந்தன. வினோதாவின் கட்டைவிரல் முழுக்கக் கீறல்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'டூல் தேய்மானம்' என்று அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'சோதனையாளர் வினோதா கையால் தேய்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மேசையில் அவள் போட்ட கடைசிக் கையெழுத்து அது. திங்கள் முதல் பேக்கிங் பிரிவு.

"இன்னும் ஒண்ணு சார். செத்துப்போனாரே, அவரு பேரக் கேட்டு எழுதுங்க."

"அது எதுக்கும்மா இப்ப?" என்று சலித்துக்கொண்டார் ராஜசேகர். ஆனாலும் கஸ்டமருக்கு எழுதிய பதில் கடிதத்தின் கடைசி வரியாக அதையும் சேர்த்தார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவரே பேக்கிங் பிரிவுக்கு வந்து வாசித்துக் காட்டினார். புதிய குண்டுகள் மிகவும் திருப்தி, அடுத்த ஆர்டர் இரண்டு மடங்கு. கடைசியில் ஒரு வரி: அந்த ஆளின் பெயர் எங்களிடம் இல்லை, வேட்டை முகாமில் ஏற்பாடு செய்தவர், தேவையென்றால் விசாரிக்கிறோம்.

"அவ்ளோதாம்மா," என்றார்.

வினோதா அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே தலையாட்டினாள். தளியில் வேனை விட்டு பஸ் பிடித்து, ஜவளகிரியில் இறங்கித் தெருமுனைக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஏரிக்கரையில் ஏழு யானைகள் என்று தகவல் வந்து நாலு பேரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கங்கப்பன் பட்டாசுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான்.

"கங்கப்பா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வாசலில் முறத்தோடு நின்ற வெங்கடம்மா, "அடிப்பாவி, இன்னாடி இது!" என்று வாயில் கை வைத்தாள். கங்கப்பனுக்கு முதலில் யார் கூப்பிட்டது என்றே விளங்கவில்லை. இருபது வருஷத்தில் அந்தக் குரலில் அந்தப் பேரை அவன் கேட்டதில்லை.

"இன்னா?" என்றான்.

"ஒண்ணுமில்ல," என்றாள் வினோதா. "பேரச் சொன்னன். போய்ட்டு வாங்க."

அவன் பையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும்போல மற்ற மூவருக்கும் முன்னால் நடந்து போனான்.