ஓடாத காற்றாலைக்கு ஆபரேட்டர்

பஞ்சாலை ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டுத்தான் பல்லடம் பக்கம் காற்றாலை ஆபரேட்டராகப் போனேன். புகையில்லாத மின்சாரம், இனிமேல் இதுதான் என்றார்கள். நம்பினேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளும் நாளில் இயந்திரம் நின்றுபோனது. மேலே ஏறிப் பார்த்தால் கியர் பல் உடைந்திருந்தது. அன்றே பஸ் பிடித்து காற்றாலை முதலாளியிடம் போனேன்.

"ஏனுங்க, கியர் வாங்கிக் குடுத்தீங்கன்னா நாலே நாள்ல ஓட்டிப்போடுறனுங்க."

"நிக்கட்டும் உடு கண்ணு. வரிச் சலுகைக்குத்தான் வெச்சது. அது போன வருசமே கெடைச்சுப்போச்சு."

"அப்ப நானுங்க?"

"ஒயரை எவனும் திருடாம பாத்துக்க. உக்காந்துட்டே சம்பளம், கசக்குதா?"

மில்லில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அந்த ஆடி முழுக்க, அவ்வளவு நல்ல காற்றில், நின்றுபோன இறக்கைகளுக்கு அடியில் உட்கார்ந்து வயருக்குக் காவல் இருந்தேன்.